இரண்டாம் துள்ளல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, சங்கத்தை வளர்த்த பெரியோர்களே, தாய்மார்களே, அன்பர்களே, கலை நிகழ்ச்சி எப்போது தொடங்கும் என்று முன்வரிசையில் காத்திருக்கும் குழந்தைகளே!

இவ்வாண்டு உரைக்கு என்ன பொருள் என்று செயலாளர் அவர்கள் வினவியபோது, சக்கர நாற்காலியில் அமர்ந்து டென்னிஸ் ஆடும் வீரர் ஒருவரைப் பற்றிப் பேச எண்ணுகிறோம் என்றோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணகி கோட்டத்தைப் பற்றியோ, பெரியாற்று அணை கட்டிய பென்னிகுயிக்கைப் பற்றியோ, பிள்ளைகளின் தாய்மொழிக் கல்வியைப் பற்றியோ நாம் பேசுவோம் என்று அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவை யாவும் பேசத் தக்கவையே. ஆண்டுதோறும் பேசியும் வருகிறோம். பின்னர் அவர் நேராகவே கேட்டார்: ஏலத் தோட்டங்களுக்கு நடுவே, நான்கு முழம் சமதரை கிடைப்பதே அரிதாகிய இந்தக் குமுளி மலையில் வாழும் நமக்கும் டென்னிசுக்கும் என்ன உறவு? நேர்மையான கேள்விதான். விடை உரையின் பிற்பகுதியில் வரும். அதுவரை பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

முதலில் ஆட்டம் இன்னதென்று அறிதல் நலம். டென்னிஸ் களம் 78 அடி நீளம் உடையது. ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடும்போது அதன் அகலம் 27 அடி. நடுவே கட்டிய வலை, மையத்தில் 3 அடி உயரம். நின்று ஆடுவோர்க்கும் சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடுவோர்க்கும் களம் ஒன்றே, வலை ஒன்றே, பந்து ஒன்றே, மட்டை ஒன்றே. வெற்றி தோல்வியை எண்ணும் முறையும் ஒன்றே. பெரியதொரு வேறுபாடு ஒன்றுதான் உண்டு. நின்று ஆடுபவர், பந்து தரையில் ஒருமுறை துள்ளியபின் மறுமுறை தரையைத் தொடுமுன் அதனைத் திருப்பி அடித்தாக வேண்டும். நாற்காலியில் இருப்பவர்க்கு இன்னும் ஒரு துள்ளல் உண்டு. முதல் துள்ளல் கோட்டுக்குள் விழ வேண்டும். இரண்டாவது கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் குற்றமில்லை. அவ்வளவே சலுகை. பந்து நாற்காலியின் மேற்பட்டால், உடலின் மேற்பட்டதாகவே கருதி எதிரிக்குப் புள்ளி கொடுத்துவிடுவார்கள். ஆடும்போது இருக்கையை விட்டு எழும்பக் கூடாது. காலைத் தரையில் ஊன்றித் தடுப்பும் போடக் கூடாது.

அந்த நாற்காலியும் மருத்துவமனையில் நாம் காணும் நாற்காலியன்று. பின்னிருந்து தள்ளுவதற்குப் பிடி இராது. பெருஞ்சக்கரங்கள் இரண்டும் மேலே நெருங்கிக் கீழே அகன்று சாய்ந்து நிற்கும். விரைந்து திரும்பும்போது கவிழாமல் இருக்க அந்தச் சாய்வு. பின்புறம் குப்புற விழாமல் காக்கச் சிறு சக்கரம் ஒன்று. இடுப்பையும் கால்களையும் வாரால் பிணைத்திருப்பார்கள். ஆடுபவர் மட்டை பிடித்த கையாலேயே சக்கரத்தையும் உருட்ட வேண்டும். இதை எண்ணிப் பாருங்கள்: நின்று ஆடுபவர் பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து பந்தை எட்டிவிடுவார், நாற்காலிக்குப் பக்கவாட்டில் நகரும் வழக்கமே கிடையாது. முன்னே போகலாம், பின்னே வரலாம், வளைந்து திரும்பலாம். ஆகவே பந்தை அடித்த கணமே ஆட்டக்காரர் சுற்றிக்கொண்டு, வேகம் குறையாமல் உருண்டபடியே அடுத்த பந்தை எதிர்நோக்குகிறார். நின்றுவிட்டால் கெட்டது. லோயர் கேம்ப்பிலிருந்து மலை ஏறும் ஜீப்பு ஓட்டுநர் கொண்டை ஊசி வளைவில் வண்டியின் உந்துதல் விட்டுப்போகாமல் திருப்புவதைத் தினந்தோறும் காண்கிறோம் அல்லவா? அதே கலைதான். கையே எஞ்சின், கையே ஸ்டியரிங்; பந்து அடிப்பதும் அதே கைதான்.

இவ்வாட்டம் பிறந்த கதையைச் சுருங்கச் சொல்வோம். முதுகுத்தண்டு முறிந்தவர் சில ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்வதில்லை என்று மருத்துவரே கைவிட்ட காலம் ஒன்று இருந்தது. செர்மனியிலிருந்து அடைக்கலம் தேடி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் அதனை ஏற்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த போர்வீரர்களை எழுப்பி உட்காரவைத்தார், வேலை பழக்கினார், விளையாடவும் வைத்தார். 1948ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள், இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரிலிருந்த தம் மருத்துவமனைப் புல்தரையில் 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். 1960இல் ரோம் நகரில் நடந்த விழா அதிலிருந்து வளர்ந்ததே. அதனையே முதல் பாராலிம்பிக் என்கிறோம். டென்னிஸ் அதற்கும் பின்னர் வந்தது. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் பனிச்சறுக்கு ஆட்டத்தில் விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த பிராட் பார்க்ஸ் என்னும் 18 வயது இளைஞர், ஜெப் மின்னன்பிரேக்கர் என்பவரோடு சேர்ந்து, நாற்காலியில் அமர்ந்தபடியே பந்தடித்துப் பார்த்தார். பலமுறை ஆடிப் பார்த்தபின் இரண்டு துள்ளல் என்ற விதி நிலைத்தது. 1988இல் சியோல் நகரில் அது காட்சி ஆட்டமாக இடம்பெற்றது. 1992இல் பார்சிலோனாவில் பதக்க ஆட்டமாக உயர்ந்தது. 1998இல் உலக டென்னிஸ் கூட்டமைப்பே அதனைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. இன்று நால்பெரும் போட்டிகளிலும், நின்று ஆடுவோர் ஆடும் அதே களங்களில், அவர்களும் ஆடுகிறார்கள்.

நம் நாட்டில் இவ்வாட்டத்துக்கு வழி வகுத்தவர்களுள் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த போனிபேஸ் பிரபு. 1972ஆம் ஆண்டு பிறந்தவர். நான்கு வயதில், முதுகுத்தண்டில் நீர் எடுக்கக் குத்திய ஊசி பிழைத்துப்போய், கை கால் நான்கும் பாதிக்கப்பட்டார். ஓடித் திரிந்த பிள்ளை ஒரே நாளில் இந்நிலைக்கு வந்தால் பெற்றோர் மனம் என்ன பாடுபடும்! எனினும் அவர்கள் செய்த ஒரு காரியத்தை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மகனை வீட்டு மூலையில் இருத்திவிடாமல், மற்றப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கே அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அவர் வளர்ந்து பல விளையாட்டுகளில் இறங்கினார். 1998இல் உலகப் போட்டியில் பதக்கம் பெற்றார். பெங்களூரில் சக்கர நாற்காலி டென்னிசுக்கென்று பயிற்சிக்கூடம் ஒன்றையும் நிறுவினார். 2014ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

கைகளும் பாதிக்கப்பட்டவர் மட்டையை எங்ஙனம் பிடிப்பார் என்று சிலர் ஐயுறலாம். அத்தகையோர்க்கென்று தனிப் பிரிவு உண்டு. ஆடவரும் பெண்டிரும் அதில் ஒன்றாகவே ஆடுவார்கள். விரல் மடங்காதவர் மட்டையைக் கையோடு சேர்த்து நாடாவால் இறுகச் சுற்றிக்கொள்வார். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் பாராலிம்பிக்கில்தான் இப்பிரிவுக்கு இடம் கிடைத்தது. நம் நாட்டில் இவ்வாட்டம் ஆடுவோர் இன்றும் சிலரே. ஆட்டத்துக்குரிய நாற்காலியின் விலை இலட்சங்களைத் தொடும். வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் சென்றால்தான் தரவரிசை உயரும். சென்று வரப் பணம் வேண்டும். திறமை இல்லாமையால் அல்ல, பெரும்பாலும் இக்காரணங்களால்தான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

இனி, இவ்வாட்டத்தின் முழு வீச்சையும் ஒருவர் வாழ்க்கையில் காணவேண்டுமாயின் சப்பான் நாட்டுக்குச் செல்ல வேண்டும். ஷிங்கோ குனியேதா என்பது அவர் பெயர். 1984ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தோக்கியோவில் பிறந்து, அருகிலுள்ள கஷிவா நகரில் வளர்ந்தவர். ஒன்பதாம் வயதில் முதுகுத்தண்டில் கட்டி ஒன்று கண்டது. அறுவை செய்து உயிரைக் காத்தார்கள், கால்கள் செயலிழந்தன.

அதன்பின் நடந்ததைத்தான் நாம் பன்முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். அப்பையனுக்கு அந்நாளில் டென்னிசைப் பற்றி ஆசையே கிடையாது. அவனுக்குப் பிடித்தது கூடைப்பந்து. பள்ளி விட்டதும் நண்பர்களோடு கூடைப்பந்து ஆடுவான். அவர்கள் ஓடுவார்கள், இவன் உருளுவான். ஓடுகிறவர்களைத் துரத்திப் பிடிக்க வேண்டுமானால், நாற்காலியை எப்படித் திருப்புவது, எங்கே வேகம் கூட்டுவது, எங்கே சட்டென்று நிறுத்துவது என்பன யாவும் தெரிந்தாக வேண்டும். பிற்காலத்தில் உலகமே கண்டு வியந்த அவருடைய நாற்காலித் திறம் அங்கேதான் ஊன்றியது. பயிற்சியாளர் எவரும் அதனைத் தொடங்கி வைக்கவில்லை. தெருப் பிள்ளைகள் அவனை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் நடந்தது.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் குழு அவன் வீட்டருகே இல்லை. டென்னிசில் விருப்பமுள்ள தாயார், கஷிவாவில் இருந்த டென்னிஸ் பயிற்சி மையம் ஒன்றுக்கு அவனை அழைத்துச் சென்றார். அப்போது வயது 11. அங்கே நாற்காலியில் அமர்ந்து ஆடுவோரைக் கண்டதும் பையன் மனம் மாறியது. ஆட்டம் அவனைப் பற்றிக்கொண்டது.

2004இல் ஏதென்சில் சதோஷி சைதா என்பவரோடு இணைந்து இரட்டையர் ஆட்டத்தில் தங்கம் வென்றார். செலவைத் தாங்க இயலாமல், அத்தோடு ஆட்டத்தை விட்டுவிடலாமா என்றுகூட ஒருகால் எண்ணினாராம். விடவில்லை. 2006இல் உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்றார். தாமே மிக வலியவர் என்று பொருள்படும் சொற்களைச் சப்பானிய மொழியில் எழுதி மட்டையில் ஒட்டிக்கொண்டு ஆடியது அக்காலத்தில்தான். தற்புகழ்ச்சி என்று நம்மவர் சிலர் முகம் சுளிக்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் பிறர் எல்லாரும் ‘பாவம்’ என்று சொல்லிக் கேட்டே வளர்ந்த ஒருவர், தமக்குத் தாமே வேறொரு சொல்லைச் சொல்லிப் பழகியது குற்றமாகுமா?

2008இல் பெய்சிங் நகரில் ஒற்றையர் தங்கம் கிடைத்தது. அவர் அப்போது ரெய்தாக்கு பல்கலைக்கழகத்தில் ஊழியர். மாதச் சம்பளம் வரும் வேலை. 2009இல் அதனை விட்டுவிட்டு ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டார். சம்பளத்தை விட்டுப் பந்தை நம்புவதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது காதில் விழுகிறது. அங்கும் கேட்டிருப்பார்கள். 2007 தொடங்கி 2010 வரை ஒற்றையரில் 107 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றார். பிரான்சு நாட்டு ஸ்டெபான் ஊடே அத்தொடரை முறித்தார். பெண்டிர் பிரிவில் இதையும் விஞ்சிய செய்தி ஒன்றுண்டு. எட்டாம் வயதில் அறுவைக்குப்பின் கால்களை இழந்தவர் போலானவர் நெதர்லாந்து நாட்டு எஸ்தர் வெர்கீர். 2003 சனவரி தொடங்கி, ஓய்வு பெற்ற 2013 வரையில் 470 ஆட்டங்களை ஒன்று விடாமல் வென்றார். எவ்விளையாட்டிலும் காண்பதற்கு அரிய எண் அது.

ஆயினும் குனியேதாவின் வாழ்க்கை வெற்றி மேல் வெற்றி என்று நேர்கோட்டில் சென்றதன்று. அதனாலேயே நமக்கு அவர்மேல் ஈடுபாடு. மட்டையும் பிடித்துச் சக்கரமும் உருட்டும் வலக்கையின் முழங்கை அவரை வருத்தத் தொடங்கியது. 2012இல் அறுவை செய்துகொண்டார். அவ்வாண்டே இலண்டனில் மீண்டும் தங்கம் பெற்றார். 2016இல் மறுமுறை அறுவை. அந்த ஆண்டு ரியோ நகரில், பெல்சியம் நாட்டு வீரர் சோவாகிம் செரார் காலிறுதியிலேயே அவரைத் தோற்கடித்தார். சைதாவோடு ஆடிய இரட்டையரில் வெண்கலம் கிடைத்ததே ஆறுதல். வலி தீரவில்லை. ஓய்வு பெறுவதே தக்கது என்று எண்ணுமளவுக்கு வந்துவிட்டார். வயது 32. விளையாட்டு உலகில் அது பெரிய வயது.

அவர் செய்தது யாது? பழகிய அடிமுறையையே மாற்றினார். முழங்கைக்கு நோவு தாராதபடி இடப்புறப் பந்தை அடிக்கும் வகையையும் பிடியையும் திருத்தி அமைத்தார். இருபது ஆண்டுகளாகக் கைக்குப் பழகிய ஒன்றை மறந்து புதிதாகக் கற்பது எளிதா? நம்மில் ஏலக்காய் பறிக்கும் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். இடக்கையால் பறித்துப் பார்க்கச் சொன்னால் ஒரு நாள் கூலி போய்விடும். 2018 சனவரியில் ஆஸ்திரேலியப் போட்டியின் இறுதியாட்டத்தில், முன்னர்த் தம் வெற்றித் தொடரை முறித்த அதே ஊடேயை எதிர்கொண்டு, முதற்கட்டத்தை இழந்தும், மூன்று கட்டங்களில் வென்றார்.

2021ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தம் சொந்த மண்ணாகிய தோக்கியோவில், நெதர்லாந்தின் டாம் எக்பரிங்கை 6-1, 6-2 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றார். எஞ்சியிருந்தது விம்பிள்டன் ஒன்றே. அங்கே நாற்காலி வீரர்க்கு ஒற்றையர் ஆட்டம் வைத்ததே 2016இல்தான்; புல்தரையில் சக்கரம் உருளுவது கடினம் என்பது பல்லாண்டு சொல்லிவந்த காரணம். (மழைக்காலத்தில் நம் காலனிச் சந்தில் மிதிவண்டி தள்ளிச் செல்பவர்க்கு அக்கடினம் நன்கு விளங்கும்.) 2022 சூலையில் இங்கிலாந்து வீரர் ஆல்பி ஹியூவெட்டோடு நடந்த இறுதியாட்டத்தில் 4-6, 7-5, 7-6 என்று போராடி வென்றார். நான்கு பெரும் போட்டிகளும் பாராலிம்பிக் தங்கமும் ஒருவர் கையில் சேர்ந்தன. 2023 சனவரியில், தரவரிசையில் முதலிடத்தில் இருக்கும்போதே ஓய்வு அறிவித்தார். அதற்குள் ஒற்றையரில் 28, இரட்டையரில் 22 என நால்பெரும் போட்டிகளில் 50 பட்டங்கள். அவ்வாண்டு மார்ச்சில் சப்பான் அரசு அவருக்கு மக்கள் மதிப்பு விருது வழங்கியது.

சப்பானியச் செய்தியாளர் ஒருவர், தம் நாட்டிலிருந்து பெரிய டென்னிஸ் வீரர் தோன்றாதது ஏன் என்று ரோசர் பெடரரிடம் கேட்டதாகவும், உங்களுக்குத்தான் குனியேதா இருக்கிறாரே என்று அவர் மறுமொழி பகர்ந்ததாகவும் ஒரு செய்தி பலரும் எடுத்துச் சொல்வது. வீட்டு முற்றத்தில் நின்ற மரத்தை வெளியூரார் காட்டித்தர வேண்டியிருந்தது.

அவர் வென்ற இலண்டன் ஆட்டத்தைப் படக்காட்சியில் கண்ட சிறுவன் ஒருவன், ஒன்பதாம் வயதில் எலும்புப் புற்றுநோயால் இடக்காலின் வலிவை இழந்தவன், தானும் டென்னிஸ் மட்டையைப் பிடித்தான். தொகிதோ ஓதா என்பது அவன் பெயர். 2023இல் 17 வயதில் பிரெஞ்சுப் போட்டியை வென்றான். 2024இல் பாரிசில் பாராலிம்பிக் தங்கமும் பெற்றான். குனியேதா ஓய்வு பெறுமுன் 2022 அக்டோபரில் தோக்கியோ இறுதியாட்டத்தில் இருவரும் மோதினர். மூன்று கட்டம் சென்று, பெரியவரே வென்றார்.

அன்பர்களே, செயலாளரின் கேள்விக்கு இப்போது வருகிறோம்.

இம்மலையில் முதுகுத்தண்டு முறிவது புதுமையன்று. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் சாவடி கடந்து ஆள் நிறைத்து வரும் ஜீப்புகளை அறிவோம். மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறுபவர்களையும் மரத்துக் கிளை கழிப்பவர்களையும் அறிவோம். வீட்டுக்கு வீடு விசாரித்தால், தேனிக்கோ மதுரைக்கோ கோட்டயத்துக்கோ தூக்கிச் சென்று உயிரோடு திரும்பக் கொண்டுவந்த ஒருவரைப் பற்றி எவரேனும் சொல்வார்கள். திரும்பி வந்தபின் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால்தான் பேச்சு குறையும். உள்ளறையில் இருக்கிறார்.

நம் காலனியிலும் ஒரு பையன் இருக்கிறான். பெயர் சொல்லத் தேவையில்லை. குனியேதாவுக்கு நோய் கண்ட அதே வயதில் அவனுக்கும் கால்கள் ஓய்ந்தன. பள்ளியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அவன் தாயார் நம் திண்ணைக்கு வந்து கேட்டபோது, பெரிய மனிதர் நான்கைந்து பேர் கூடியிருந்தோம். “பாவம், பிள்ளையை ஏன் அலைக்கழிக்கிறாய் அம்மா? வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்” என்று சொன்னோம். இரக்கத்தினால்தான் சொன்னோம். அந்த அம்மையாரும் மறுத்துப் பேசவில்லை. பெரியவர்கள் சொல் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு ஆண்டு அவன் சன்னலருகே இருந்தான். 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலேயே கட்டணமின்றிப் படிக்கும் உரிமையை 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவனுக்குத் தந்திருந்தது. நம்மில் ஒருவரும் அதனைக் கேட்டறியவில்லை.

பிழையைத் திருத்தியவர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயுள்ள சந்தில் இவர்கள் கிரிக்கெட் ஆடுவது வழக்கம். பந்து அடிக்கடி அவன் வாசலுக்கு உருண்டு போகும். அவன் எடுத்து எறிவான். ஒருநாள் எறிந்தவனையே வெளியே தூக்கி வந்துவிட்டார்கள். அவன் அமர்ந்தபடி அடிப்பான். அவனுக்காக வேறொருவன் ஓடுவான். ஒருமுறை தரையில் பட்ட பந்தைப் பிடித்தால் ‘ஒன்பிட்ச் அவுட்’ என்பது இச்சந்தின் சட்டம். அவனுக்கு மட்டும் அச்சட்டம் இல்லை. இவ்விதியை இவர்களுக்கு எவர் சொல்லிக் கொடுத்தார்? விசாரித்தோம். யாரும் சொல்லவில்லையாம். இல்லாவிட்டால் அவன் உடனே ஆட்டம் இழந்துவிடுகிறான், ஆட்டம் சுவையாக இல்லை என்று ஒரு குட்டிப்பெண் நமக்கு விளக்கம் தந்தாள். பிராட் பார்க்சும் அவர் நண்பரும் ஆடி ஆடிக் கண்டதை இவர்கள் ஒரு மாலைப்பொழுதில் கண்டுகொண்டார்கள். இந்த ஆண்டு அவன் மீண்டும் பள்ளியில் சேர்ந்திருக்கிறான். ஆட்டோவில் ஏற்றி இறக்குவதும் இவர்களே.

மருத்துவப் பயிற்சிக்கும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது அது. வேலூரில் மருத்துவர் மேரி வர்கீசின் முயற்சியால் எழுந்த மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. அவர் இந்தக் கேரள மண்ணில் பிறந்தவர். 1954இல் வண்டி விபத்தில் கால்கள் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தவர். பையனின் தகப்பனாரிடம் இரண்டு இடங்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறோம்.

இறுதியாக ஒன்று. சற்றுமுன் செயலாளர் வரவேற்புரையில், காலனிக் குடும்பங்கள் யாவும் இங்கே கூடியிருப்பதாகச் சொன்னார். அப்பையன் இங்கே இல்லை. ஒலிபெருக்கி அவன் வீடுவரை கேட்கும்; கேட்டுக்கொண்டிருப்பான். அவன் பெயரும் இன்றைய நிகழ்ச்சியில், நாடகத்தில், இருந்தது. ஒத்திகை பள்ளித் திண்ணையில் நடந்தவரை வந்தான். இம்மண்டபத்துக்கு நாம் ஏறி வந்த படிகள் 18. தூக்கி வருகிறோம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எல்லார் முன்னிலும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான். அவன் சொன்னது சரியே.

நேற்று மாலை அளவுநாடா கொண்டுவந்து அளந்து பார்த்தோம். ஒவ்வொரு படியும் அரை அடி. ஆக மொத்த உயரம் 9 அடி. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும். அப்படியானால் 108 அடி, தெருவுக்கே போய்விடும். முன்பக்கம் ஆகாது. ஆனால் பின்னால், சமையற்கட்டுப் பக்கம், தண்ணீர் லாரி வந்து நிற்கும் மேட்டுப்பாதையிலிருந்து பார்த்தால் மண்டபத்துக்கு இரண்டே படிகள். உயரம் ஓர் அடி. கதவின் அகலம் 3 அடி, நாற்காலி நுழையும். பாத்திரங்களும் விறகும் அடுக்கி அவ்வழியை அடைத்து வைத்திருக்கிறோம். 12 அடிச் சாய்தளம் கட்டுவதற்கு இரண்டு நாள் வேலை என்று கொத்தனார் சொல்கிறார். மழை பிடிக்குமுன் முடித்துவிட வேண்டும் என்றும் சொல்கிறார்.

அளவுகளை எழுதிய தாள் செயலாளரிடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு மாலை 4 மணிக்குச் செயற்குழு கூடுகிறது. விறகை அகற்றக் கை கொடுக்க இயன்றவர்கள் 3 மணிக்கே பின்வாசலுக்கு வரலாம். குழந்தைகளை இதற்கு மேலும் காக்கவைத்தல் முறையன்று.